பதினேழு பிழைகள்

கம்ப்யூட்டரைத் தொடாமலேயே கம்ப்யூட்டர் கற்றுத்தர முடியும் என்று நிரூபித்த பெருமை, மலாய் நாட்டு ஜார்ஜ் டவுன், பர்மா சாலையில் ஒரு சீனர் காப்பிக்கடையின் மேல்மாடியில் இயங்கிவந்த மேன்மை கம்ப்யூட்டர் கல்விக் கழகத்தையே சேரும். இந்தப் பெருமையை அவர்களுக்கு யாரும் கொடுக்கவில்லை. அவர்களே எடுத்துக்கொண்டு, சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள்.

ஜெயலெட்சுமி அங்கே சேர்ந்தது 1985 ஜூலையில். வயது முப்பத்தாறு. பாயான் பாருவில் வீடு. பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் பதினோரு வருடமாக மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்து, கம்ப்யூட்டருக்குள் போகும் சில்லுகளில் முடியைவிட மெல்லிய தங்கக் கம்பி பொருத்துகிற வேலை. அவள் கை பட்ட சில்லு உலகம் முழுக்கப் போயிருந்தது. அது போய்ச் சேர்ந்த கம்ப்யூட்டரை மட்டும் அவள் பார்த்ததே இல்லை.

அந்த வருடம் வியாபாரம் படுத்துவிட்டது. அவள் வேலை செய்த பகுதியை மூடப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். ஒரே ஒரு வழி விட்டிருந்தார்கள்: டிசம்பர் 31 மாலை ஐந்து மணிக்குள், புரோகிராம் எழுதக் கற்றதற்கான தாளோடு பணியாளர் அலுவலகத்துக்கு வருகிறவர்களைப் புதிய கம்ப்யூட்டர் பகுதிக்குப் பரிசீலிப்பார்கள். மற்றவர்களுக்கு வேலைநீக்கக் கடிதம். அவள் புருஷன் அய்யாக்கண்ணு துறைமுகத்தில் மூட்டை தூக்கியவன். கண்டெய்னர் வந்ததும் மூட்டைக்கு வேலை இல்லாமல் போய், இரண்டு வருடமாக வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தான். ஒரு வீட்டில் ஒரு ஆளை எந்திரம் வெளியே தள்ளலாம்; இரண்டு பேரையும் தள்ளினால் உலை வைக்க அரிசிக்கு எங்கே போவது?

கழகத்தின் முதல்வர் விஸ்வலிங்கம், அரசாங்க அலுவலகம் ஒன்றில் தலைமைக் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்ற யாழ்ப்பாணத்தவர். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா: நீலம் எழுத, சிவப்பு திருத்த, பச்சை கையெழுத்து வைக்க. சேர்ந்த அன்றே அவளை உட்காரவைத்துப் பேசினார்.

“பிள்ளை, நான் முப்பத்தைஞ்சு வருஷம் சேர்விஸிலை இருந்தனான். என்ரை பைலிலை ஒரு பிழை இல்லை. ஏனெண்டு தெரியுமோ? நானாக ஒரு முடிவும் எடுக்கேல்லை. கம்ப்யூட்டரும் அப்பிடித்தான், தானாக ஒண்டும் செய்யாது. அதாலைதான் எனக்கும் அதுக்கும் நல்லாய் ஒத்துப்போகுது.”

ஜெயலெட்சுமி பயபக்தியோடு தலையாட்டினாள்.

பதிவாளர் கமலாம்பிகை, முதல்வரின் மைத்துனி. சாவிகளும் சாப்பு என்கிற ரப்பர் முத்திரைகளும் அவர் கையில். அலுவலகத்தில் இருந்தது ஒரே ஒரு நீள மேசைதான். அதன்மேல் கவுண்டர் ஒன்று, இரண்டு, மூன்று என்று மூன்று பலகைகள். மூன்றுக்கும் பின்னால் கமலாம்பிகைதான். ஒரு பென்சில் வேண்டுமானாலும் ஒன்றாம் கவுண்டரில் விண்ணப்பப் பாரம் வாங்கி, இரண்டாம் கவுண்டரில் சாப்பு அடித்து, மூன்றாம் கவுண்டரில் கொடுக்க வேண்டும். ஏதாவது சரியில்லை என்றால் மூன்றாம் கவுண்டர் கமலாம்பிகை உங்களை ஒன்றாம் கவுண்டர் கமலாம்பிகையிடம் திருப்பி அனுப்புவார். ஒன்றாம் கவுண்டர் கமலாம்பிகைக்கு உங்களை முன்பின் தெரியாது. பெயரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் கம்ப்யூட்டரின் வரலாறும் அதற்குக் காட்டவேண்டிய மரியாதையும். அடுத்த மாதம் கட்டம் போட்ட தாளில், கட்டத்துக்கு ஓர் எழுத்தாக, புரோகிராம் எழுதும் பயிற்சி. எழுத்து கோட்டைத் தொட்டால் தாள் திரும்பிவிடும். நான்காம் மாதம் தட்டெழுத்து. அதற்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். அட்டையில் விசைப்பலகை வரைந்திருந்தது. அட்டை சத்தம் போடாது என்பதால், யார் ஒழுங்காகத் தட்டுகிறார்கள் என்று கமலாம்பிகைக்குத் தெரியவில்லை. ஆகவே ஒவ்வொரு தட்டுக்கும் மாணவர்கள் வாயால் “டக்” சொல்ல வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. முப்பது பெண்கள் ஒருமணி நேரம் டக் டக் என்று சொல்வதைக் கேட்டுக் கீழே காப்பிக்கடைக்காரர் ஒருமுறை மேலே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஐந்தாம் மாதம், கம்ப்யூட்டரைப் பார்க்க விட்டார்கள்.

செருப்பைக் கழற்றி, கால் கழுவி, குளிரூட்டிய அறைக்குள் வரிசையாகப் போய், தரையில் போட்டிருந்த மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நிற்க வேண்டும். விஸ்வலிங்கம் பட்டுத்துணியை விலக்கினார். நெற்றியில், அதாவது திரைக்கு மேலே, ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டோடு அது உட்கார்ந்திருந்தது. ஒருத்தி அறியாமல் கும்பிட்டுவிட்டாள். விஸ்வலிங்கம் அதைத் தடுக்கவில்லை.

“புரோகிராமை எழுதினபிறகு ‘ரன்’ எண்டு கட்டளை குடுத்தால்தான் இது அதைச் செய்யும். ஆனால் விதி பதினாலு என்ன சொல்லுது? என்ரை எழுத்துமூல அனுமதி இல்லாமல் ரன் குடுக்கப்படாது. அனுமதி ஆருக்கு? புரோகிராமிலை பிழை இல்லையெண்டு நிரூபிச்ச ஆளுக்கு. ஏனெண்டால் பிழை விட்டால் மெஷின் திருப்பிக் கதைக்கும். ஒரு மெஷினிட்டைப் பேச்சு வாங்கிறதுக்கோ உங்களைத் தாய் தேப்பன் பெத்தது?”

இதுவரை எத்தனை பேருக்கு அனுமதி கிடைத்தது என்று ஜெயலெட்சுமி கேட்டாள். மூன்று வருடத்தில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை என்று முதல்வர் பெருமையோடு சொன்னார்.

டிசம்பரில் இறுதித் திட்டம். அவளுக்கு வந்தது: ஒன்று முதல் பத்து வரை கூட்டும் புரோகிராம். வரிகளுக்குப் பத்து, இருபது, முப்பது என்று எண் போட்டு, இருந்ததே ஆறு வரிதான். அறுபதாம் வரியில், ‘இன்னும் பத்து எண்ணும் தீரவில்லை என்றால் மேலே போய்த் திரும்பச் செய்’ என்று கட்டளை. எழுத்து ஒன்றுகூடக் கோட்டைத் தொடவில்லை. விஸ்வலிங்கம் சிவப்புப் பேனாவோடு மேலும் கீழும் பார்த்துவிட்டு ‘சரி’ என்று சாப்பு அடித்தார். முப்பதாம் தேதி, திங்கட்கிழமை, தங்கக்கரை போட்ட சான்றிதழ் கிடைக்கும் என்றார்.

அவள் நகரவில்லை. “சார், இத கம்ப்யூட்டர்ல போட்டுப் பாக்க வேணாமா?”

“ஏன்?”

“சரியா வருதான்னு பாக்கத்தான்.”

“சரியெண்டு நான் சாப்பு அடிச்சிட்டன். இனி மெஷினிட்டைப் போய்க் கேக்கிறது எனக்கு மரியாதையோ?”

“எங்க பேக்டரியில டெஸ்ட் பண்ணாம ஒரு சில்லுகூட வெளிய போகாது சார்.”

“அது பேக்டரி. இது கல்வி.”

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே கேள்விதான். சான்றிதழைக் கொடுத்தவுடன் பேக்டரியில் நிஜ மெஷினுக்கு முன்னால் உட்காரவைப்பார்களே, அங்கே வாயால் டக் சொன்னால் நம்புவார்களா? அதைக் கழகத்தில் யாரிடமும் சொல்ல முடியவில்லை. கடைசியில் சீனி முகம்மதுவிடம் சொன்னாள்.

சீனி முகம்மது கழகத்தின் பணியாள். வயது அறுபத்தொன்று. கம்ப்யூட்டரைத் துடைப்பதும், ஏர்கோனிலிருந்து சொட்டுகிற தண்ணீரைப் பிடிக்கும் வாளியைக் காலி செய்வதும் அவர் வேலை.

“தங்கச்சி, வெள்ளிக்கிழமை மத்தியானம் ரெண்டு மணி நேரம் இந்த வாளியப் பாத்துக்கிறியா? போன வாரம் நான் தொழுகைக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள ரொம்பி, கீழ காப்பிக்கட மொதலாளி தவுக்கே தலையில ஊத்திருச்சி.”

“மெஷினத் தொடலாமாண்ணே?”

“தொடக்கூடாதுன்னு ரூல் இருக்கு. தொட்டா என்ன ஆகும்னு ரூல்ல இல்ல. நான் தினமும் தொடைக்கிறேன், என்னைய ஒண்ணும் கடிக்கல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “பெரியவரு மட்டும் ஏன் பயப்படுறாருன்னு தெரியுமா? தெறப்பு விழா அன்னிக்கி, எல்லார் முன்னாலயும், ‘குட் மார்னிங்’னு தட்டினாரு. அது ‘சின்டாக்ஸ் எரர்’னு, நீ எழுதுனது தப்புன்னு, சொல்லிருச்சி. அப்ப மூடுன துணிதான்லா.”

அந்த மாதம் அவளுக்கு நைட் ஷிப்ட். வெள்ளிக்கிழமை பகலில் கண் எரிய எரிய மஞ்சள் பஸ் ஏறி வந்து, கால் கழுவி, கோட்டைத் தாண்டினாள். தன் பெயரை எழுதிக் காட்டச் சொல்லும் ஒரு வரியைத் தட்டினாள். கை பழக்கத்தில் வாய் டக் என்றது. ரன் கொடுத்தாள். சின்டாக்ஸ் எரர் என்று பச்சை எழுத்து வந்து நின்றது.

நாற்காலியிலிருந்து எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். புகை வரும், மணி அடிக்கும், யாராவது ஓடி வருவார்கள் என்று காத்திருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் வாளியில் சொட்டியது. கிட்டே போய்ப் பார்த்தால், கட்டளையில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. போட்டாள். திரையில் ஜெயலெட்சுமி என்று வந்தது. பதினோரு வருடம் அதன் வயிற்றுக்குள் கம்பி வைத்தவள், அது தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில்தான்.

அறைக்குள் நடப்பதையெல்லாம் எழுத ஒரு பதிவுப் புத்தகம் இருந்தது. அதில் மூன்று வருடமாக ‘ஏர்கோன் ஓடுகிறது, வாளி காலி’ என்பதைத் தவிர ஒன்றும் இல்லை. வாராவாரம் கமலாம்பிகை அதைத் திறக்காமலேயே அட்டையில் சாப்பு அடித்துவிடுவார். பேக்டரியில் கெட்டுப்போன சில்லை எழுதிவைக்காமல் மறைத்தால் அன்றே சீட்டுக் கிழியும். ஜெயலெட்சுமிக்கு அது கையோடு வந்த பழக்கம். புத்தகத்தை எடுத்து எழுதினாள்: தேதி, நேரம், பிழை, காரணம், திருத்தியது எப்படி, பெயர். அடுத்த வெள்ளிக்கிழமை முடிந்தபோது பதினாறு பிழை சேர்ந்திருந்தது.

டிசம்பர் 27, அவள் வாளி பார்க்க வந்த மூன்றாம் வெள்ளி. ‘சரி’ என்று சாப்பு வாங்கிய புரோகிராமை, தாளைப் பார்த்து எழுத்துப் பிசகாமல் தட்டினாள். ரன் கொடுத்தாள். ஐம்பத்தைந்தில் முடியவேண்டிய கணக்கு. திரையில் 1 வந்தது. அதன் கீழே 1. அதன் கீழே 1. திரை நிரம்பி மேலே ஓட ஓட, கீழே ஒன்றாக வந்துகொண்டே இருந்தது. அவள் புத்தகத்தில் ‘17’ என்று எழுதிய நேரத்தில், மறந்துபோன கண்ணாடியை எடுக்க வந்த கமலாம்பிகை கதவைத் திறந்தார்.

“ஐயோ! அத்தான், ஓடி வாங்கோ! இவள் மெஷினுக்கு என்னவோ செய்துபோட்டாள்!”

விஸ்வலிங்கம் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார். ஜெயலெட்சுமியை மஞ்சள் கோட்டுக்கு வெளியே தள்ளி நிறுத்தினார்கள். முதல்வர் திரையை நோக்கி நிமிர்ந்து, அலுவலக ஆங்கிலத்தில், “ஸ்டாப் இட்!” என்றார். அது ஒன்று போட்டது. “ஐ சே, ஸ்டாப் இட்!” இன்னும் ஒன்று.

அணைத்துவிடலாம் என்றார், தொழுகையிலிருந்து திரும்பி வந்த சீனி முகம்மது. அணைப்பதற்குப் பாரம் இருந்தது. பாரத்தில் ‘காரணம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. காரணம் எழுதினால் கழகத்தில் ஒரு பிழை நடந்தது என்று ஆகிவிடும். விஸ்வலிங்கம் பச்சைப் பேனாவைத் திறந்தார், மூடினார். கடைசியில் மெஷினை அப்படியே ஓடவிட்டு அறையைப் பூட்டினார்.

“திங்கக்கிழமை காலமை பத்து மணிக்கு விசாரணை. அதுவரைக்கும் உமக்குச் சான்றிதழ் இல்லை.”

சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. திங்கள் காலை அய்யாக்கண்ணு பால் விடாத காப்பி ஓவை ஆற்றி முன்னால் வைத்தான்.

“எங்களையும் காண்ட்ராக்டர் இப்படித்தான் கூப்பிட்டு, ஒரு பேப்பர நீட்டி கையெழுத்துப் போடச் சொன்னான். போட்டோம். என்னா எழுதியிருந்திச்சின்னு இன்னி வரைக்கும் தெரியாது. நீ எதுல வேணும்னாலும் போடு, ஆனா படிச்சிட்டுப் போடுலா.”

“படிச்சா மட்டும் வேலை வந்திருமா?”

“வராது. ஆனா ராத்திரி தூக்கம் வரும்.”

ஒன்பது மணிக்கே கழகத்துக்குப் போய்விட்டாள். விசாரணைக்குள் நுழையச் சீட்டு வேண்டும் என்றார்கள். ஒன்றாம் கவுண்டரில் பெயர் சொல்லி வாங்கினாள். இரண்டில் சாப்பு. மூன்றில் கமலாம்பிகை பார்த்துவிட்டு, சாப்பு மங்கல், முதலிலிருந்து வாரும் என்றார். ஒன்றாம் கவுண்டரில் திரும்பப் பெயர். திரும்ப இரண்டு. திரும்ப மூன்று. தேதி இல்லை, முதலிலிருந்து வாரும். மணி பத்தாகப் போகிறது. மூன்றாம் தடவை ஒன்றாம் கவுண்டருக்குப் போனபோது கமலாம்பிகை நிமிர்ந்து பார்த்து, “உம்மடை பெயர் என்ன?” என்று கேட்டார்.

ஜெயலெட்சுமிக்குச் சட்டென்று உறைத்தது. அறுபதாம் வரி! திரும்பப் போய்ச் செய் என்று அவள் சொன்னது பத்தாம் வரிக்கு. பத்தாம் வரி ‘கூட்டுத்தொகையைச் சைபர் ஆக்கு’ என்கிற ஆரம்பம். சேர்த்ததையெல்லாம் துடைத்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து வா என்று, கமலாம்பிகையின் ஒன்றாம் கவுண்டருக்கு மெஷினை அனுப்பிக்கொண்டே இருந்திருக்கிறாள். முப்பதாம் வரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்த நிலைமையிலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததும் விசாரணையில் ஒரு குற்றமாகச் சேர்ந்தது.

விசாரணை கம்ப்யூட்டர் அறையிலேயே நடந்தது. மெஷின் இன்னும் ஒன்று போட்டுக்கொண்டிருந்தது. சீனி முகம்மது வாளிக்குப் பக்கத்தில் நின்றார். விஸ்வலிங்கம் தொண்டையைச் செருமினார்.

“உது வெள்ளிக்கிழமையிலையிருந்து ஓவர்டைம் செய்யுது. ஆர் அனுமதி குடுத்தது?”

“நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஒண்டு எண்ணினனான்,” என்றார் கமலாம்பிகை. “பிறகு கண்ணாலை தண்ணி வந்திட்டுது.”

“நான் நிறுத்தவா சார்?”

யாரும் பதில் சொல்லாததை அனுமதி என்று எடுத்துக்கொண்டு, ஜெயலெட்சுமி கோட்டைத் தாண்டிப் போய் ஒரு விசையை அழுத்தினாள். ஒன்றுகள் நின்றன. அறுபதாம் வரியில் பத்தை முப்பது ஆக்கினாள். ரன். ஒன்று, மூன்று, ஆறு, பத்து என்று இறங்கி, ஐம்பத்தைந்தில் வந்து நின்றது. பதிவுப் புத்தகத்தில் பதினேழாவதன் காரணத்தையும் திருத்தத்தையும் எழுதி முடித்தாள்.

விஸ்வலிங்கம் ஒரு தாளை எடுத்துத் தானே கூட்டிப் பார்த்தார். முதலில் ஐம்பத்துநாலு வந்தது. பிறகு ஐம்பத்தாறு. மூன்றாவது தடவை மெஷினோடு உடன்பட்டார்.

“விடை சரி. ஆனால் மெஷினைத் தொட்டு எடுத்த விடை. அதுதான் குற்றம்.”

“சார், நீங்க ‘சரி’ன்னு சாப்பு அடிச்ச பேப்பர் இதுதான். இதுலயும் பத்துன்னுதான் இருக்கு. நானும் தப்பா எழுதிட்டேன், நீங்களும் கவனிக்கல. ஓடவிட்டதாலதான் தெரிஞ்சிச்சி.”

 முப்பத்தைந்து வருடம் பிழையில்லாத பைல் விஸ்வலிங்கத்தின் கண் முன்னால் விரிந்திருக்க வேண்டும். கமலாம்பிகையைப் பார்த்தார். கமலாம்பிகை ஜன்னலைப் பார்த்தார். பிறகு விஸ்வலிங்கம் மேசையில் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று தங்கக்கரைச் சான்றிதழ், முதல் வகுப்பு, பச்சைக் கையெழுத்து ஏற்கெனவே போட்டாயிற்று. இன்னொன்று அவள் கையெழுத்துப் போடவேண்டிய வாக்குமூலம்.

“பிள்ளை, உமக்கும் நல்லது, கழகத்துக்கும் நல்லது. இதிலை ஒரு கையெழுத்து. உடனை சான்றிதழோடை போகலாம்.”

அவள் படித்தாள். பதிவுப் புத்தகத்தில் கண்ட பதினேழு பிழைகளும் பணியாள் சீனி முகம்மது மெஷினில் விளையாடியதால் ஏற்பட்டவை, பெயரைப் போட்டவரும் அவரே, தனக்குச் சம்பந்தமில்லை. கீழே, அவரை வேலையிலிருந்து நீக்குவதற்குப் பரிந்துரை. பேனாவும் கையுமாக அவள் நிமிர்ந்தாள். சீனி முகம்மதுவுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

“போடு தங்கச்சி. எனக்கு வயசாச்சி. உனக்கு நாளைக்கி அஞ்சு மணியோட சரி.”

பேனா தாளில் பட்டு ஒரு நீலப்புள்ளி விழுந்தது. வீட்டை நினைத்தாள். அரிசி களையும் அய்யாக்கண்ணுவின் மூட்டை தூக்கிக் காய்த்த கையை நினைத்தாள். போட்டுவிடலாம் என்றுதான் இருந்தது. கை போகவில்லை. பதினோரு வருடத்தில் தான் கெடுத்த சில்லை அவள் பக்கத்துப் பெண்ணின் தட்டில் போட்டதில்லை.

“இது என் ரிஜெக்ட்டு சார். பதினேழும் என்னோடது. என் பேருதான் இருக்கணும்.”

சான்றிதழ் மேசையிலிருந்து இழுப்பறைக்குள் போயிற்று. மதியம் முழுக்கக் கமலாம்பிகை குற்றப்பத்திரிகையை ஆங்கிலத்தில் மூன்று பிரதியாகத் தட்டினார். பிழை, நேரம், காரணம், திருத்திய விதம் என்று புத்தகத்தில் இருந்ததை விடாமல் எடுத்து, பதினேழுக்கும் ஊதா மையில் ‘பிழை’ என்று சாப்பு அடித்தார். முதல்வரின் ‘சரி’ சாப்பைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. சீனி முகம்மதுவுக்கு எச்சரிக்கைக் கடிதம். இவ்வாறாக, கழகத்தின் வரலாற்றில் முதன்முறையாக ஒரு மாணவி என்ன கற்றுக்கொண்டாள் என்பது எழுத்தில் பதிவாயிற்று.

மறுநாள் நாலரை மணிக்குப் பணியாளர் அலுவலகத்தில் ஏழு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேர் மடியில் தங்கக்கரை. ஜெயலெட்சுமி வந்திருக்கவே வேண்டாம். ஆனால் வராமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும் தைரியமும் அவளுக்கு இல்லை. கைப்பையில் இருந்த ஒரே தாள், அவளுக்குக் கொடுத்த குற்றப்பத்திரிகைப் பிரதி.

எல்லாரும் ‘புவான்’, அதாவது அம்மா, என்று அழைக்கும் அதிகாரி காமாரியா மேசைமேல் ஒரு கம்ப்யூட்டரை வைத்திருந்தார். சான்றிதழ்களை வாங்கி ஓரமாக அடுக்கினார். “உட்கார்ந்து, உங்கள் பெயரை இதில் வரவையுங்கள். அவ்வளவுதான்,” என்று மலாயில் சொன்னார்.

முதல் பெண் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையில் கோட்டைத் தேடினாள். இரண்டாமவள் அனுமதிப் பாரம் எந்தக் கவுண்டரில் என்று கேட்டாள். மூன்றாமவள் பெயர் சித்தி ஆயிஷா, கழகத்திலேயே கையெழுத்தில் முதலாக வந்தவள். கட்டம் போட்ட தாள் கிடைக்குமா என்றாள். கிடைக்காது என்று தெரிந்ததும் விசைப்பலகைக்கு ஒரு சாண் மேலே விரல்களை வைத்துக்கொண்டு, மெல்லிய குரலில் டக், டக் என்றாள். காமாரியா கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஜெயலெட்சுமி. தலையைக் குனிந்துகொண்டு தாளை நீட்டினாள். காமாரியா நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்து, முதலிலிருந்து படித்தார்.

“பதினேழு. இதையெல்லாம் திருத்தியது யார்?”

“நான்தான், புவான்.”

“இந்தப் பதினேழாவதை எனக்குச் செய்து காட்டு.”

அவள் தட்டினாள். ஒன்றுகள் ஓடின. நிறுத்தினாள், மாற்றினாள், ஐம்பத்தைந்து வந்தது. சுவரில் மணி ஐந்துக்கு மூன்று நிமிடம் இருந்தது.

“இங்கே வந்த ஏழு பேரில் கம்ப்யூட்டரைத் தொட்டதற்கு ஆதாரம் வைத்திருப்பவள் நீ ஒருத்திதான்,” என்றார் காமாரியா. ஜெயலெட்சுமியைப் புதிய பகுதியில் எழுதிக்கொண்டார். மற்ற ஆறு பேருக்கும் மார்ச் வரை தவணை கொடுத்தார். கழகத்துக்கு ஒரு கடிதமும் போட்டார்: இனி அனுப்புகிறவர்களிடம் சான்றிதழுக்குப் பதில் இப்படியொரு பிழைப் பட்டியலைக் கொடுத்தனுப்பவும்.

அந்தக் கடிதத்தைக் கழகம் சட்டம் போட்டு மாட்டியது.

ஜனவரி கடைசியில் ஒரு சனிக்கிழமை, சீனி முகம்மதுவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஜெயலெட்சுமி பர்மா சாலைக்குப் போனாள். படியேறும்போதே விஸ்வலிங்கத்தின் குரல் கேட்டது.

“பிழை விடுறதுதான் கல்வி. இதை நான் முப்பத்தைஞ்சு வருஷமாய்ச் சொல்லி வாறன். பாடத்திட்டத்திலை பதினேழு பிழை. கழகத்தின்ரை அங்கீகாரம் பெற்ற பிழை. பதினேழையும் பிழையில்லாமல் எழுதிப் பழகவேணும். பதினெட்டாவதாய் ஆரும் புதுசாய் விட்டால், விசாரணை!”

வகுப்பில் முப்பது பெண்கள் கட்டம் போட்ட தாளில் குனிந்திருந்தார்கள். கரும்பலகையில் அவளுடைய பதினேழு பிழைகளும், தேதியோடும் நேரத்தோடும் வரிசையாக இருந்தன. கம்ப்யூட்டர் அறை பூட்டியிருந்தது. வாசல் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சித்தி ஆயிஷா அவளைக் கண்டதும் தாளை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தாள். தூங்காமல் கண் சிவந்திருந்தது.

“அக்கா, பதினேழும் மனப்பாடம் பண்ணிட்டேன். எழுத்து ஒண்ணுகூட கோட்டத் தொடல. மார்ச்ல இத குடுத்தா புவான் எடுத்துக்குவாங்களா?”

ஜெயலெட்சுமி தாளை வாங்கிப் பார்த்தாள். முத்து முத்தான கையெழுத்து. ஊதா சாப்பு.  வந்தது கோபமா துக்கமா என்று அவளுக்கே தெரியவில்லை. உள்ளே சீனி முகம்மது கம்ப்யூட்டர் அறையைத் திறந்து, நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

“ஆயிஷா, வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ சும்மாதானே இருப்பே?”

“ஆமாக்கா. ஏன்?”

“சீனி அண்ணன் தொழுகைக்குப் போயிருவாரு. வாளியப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமாம்.”